அது ஆள் இல்ல, போ

பொம்மையைப் பிடுங்கி எறிந்த விதத்தைப் பார்த்து வடிவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

மாசி மாதத்து வெயில் காலையிலேயே கரிசல் மண்ணைச் சூடேற்றியிருந்தது. மேலப்புஞ்சையில் சோளம் பாதி அறுபட்டுக் கிடந்தது, மீதிப் பாதி ஆளை மறைக்கிற உயரத்தில் நின்றது. நடுவே குருவிக் காவலுக்கு நட்டிருந்த வைக்கோல் பொம்மையைத் தாங்கி வந்து பார்த்தது. கொட்டகைக்குத் திரும்பிப் போய், அறுப்புக் கத்தியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூர்பிடுங்கியை மாட்டிக்கொண்டு வந்தது. பொம்மையின் காலடியில் மூன்று இரும்பு விரல்களையும் இறக்கி, இரண்டு தரம் ஆட்டி, மண்ணோடு பிடுங்கி வரப்பில் போட்டது. வைக்கோல் சிதறியது, மண்பானைத் தலை உடைந்தது. சுடலைமணியின் நீலக் கட்டம் போட்ட சட்டை நடுமுதுகில் இரண்டாகக் கிழிந்தது.

"உங்களைத் தூக்கி எறிஞ்சிட்டுது, பாத்தீங்களா?" என்றாள் புருஷனிடம்.

சுடலைமணி தோள் குலுங்கச் சிரித்தான். சத்தம் வரவில்லை. தை மாதம் மதுரையில் ஆபரேஷன் செய்து அவன் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். தொண்டைக்குக் கீழே ஒரு துவாரம், அதை மூடி ஒரு வெள்ளைத் துணி. மூச்சு அந்த வழியாகத்தான். பேச்சுக்குப் பதிலாகக் கையைத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. பெரிய பேச்சுக்காரனாக இருந்தவன் இரண்டே வார்த்தைக்குள் அடங்கிவிட்டானே என்று வடிவு அழாத நாள் குறைவு. ஆனாலும் ஆள் பிழைத்து வந்துவிட்டான், அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

தாங்கியைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது. விவசாயிகள் சங்கத்தில் அதற்குப் பல்கருவித் தாங்கி என்று நீளமான பெயர். தும்பக்குளத்துக்காரர்களுக்கு அத்தனை நீளம் எதற்கு? தாங்கி என்று சுருக்கிவிட்டார்கள். நெஞ்சளவு உயரத்தில் நான்கு சக்கரங்கள், அவற்றை இணைத்து ஒரு இரும்புச் சட்டம். உட்கார இருக்கை கிடையாது, பிடிக்க ஸ்டியரிங் கிடையாது. சட்டத்தின் அடியில் எதை மாட்டினாலும் அந்த வேலையைச் செய்யும். விதைப்பெட்டியை மாட்டினால் விதைக்கும், களைக்கொத்தை மாட்டினால் களையெடுக்கும், கத்தியை மாட்டினால் அறுக்கும். மாட்டிவிடக்கூட மனிதக் கை வேண்டாம். புஞ்சை மூலையில் ஒரு தகரக் கொட்டகை, அதில் கருவிகள் வரிசையாகத் தொங்கும். என்ன வேலை என்று தானே பார்த்து, தானே போய், வேண்டியதை மாட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு கருவி மாட்டுகிற சத்தமும் வேறு. அடுப்படியில் விழுந்தது தட்டா தம்ளரா என்று வாசலில் இருந்தே சொல்கிற மாதிரி, எந்தக் கருவி ஏறியது என்று வடிவு சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

தூர்பிடுங்கியின் சத்தம் கனமானது. முதலில் சங்கிலி உரசும். பிறகு தொம், தொம் என்று இரண்டு இடி. சீமைக்கருவேலத்தின் தூரை ஆணிவேரோடு எடுக்கச் செய்த கருவி அது. அறுவடை நாளில் பயிராகவும் இல்லாமல் ஆளாகவும் இல்லாமல் புஞ்சையில் நிற்கிற எதையும் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் மறு வேலை பார்க்கும்.

பொம்மையை எறிந்த கையோடு தாங்கி மறுபடியும் கத்தியை மாட்டிக்கொண்டு அறுக்கப் போய்விட்டது. சுடலைமணி உதிர்ந்த கதிர்களைப் பொறுக்கச் சோளத்தட்டைகளுக்கு நடுவே இறங்கினான். உட்காருங்கள் என்றால் கேட்கிற ஆளா அவன்? வடிவு வேப்பமரத்தடிக்கு வந்து, தூக்குச்சட்டியைத் திறந்து நீராகாரத்தை வாயில் வைத்தாள்.

சங்கிலி உரசியது.

சட்டியை இறக்கினாள். தொம். தொம்.

பொம்மையைத்தான் பிடுங்கியாகிவிட்டதே, இன்னும் என்ன நிற்கிறது புஞ்சையில் என்று எழுந்து பார்த்தாள். அறுத்த வெளியில் எதுவும் இல்லை. ஒரு கல் இல்லை, ஒரு செடி இல்லை. சுடலைமணி மட்டும் குனிந்து கதிர் பொறுக்கிக்கொண்டிருந்தான். தாங்கி கொட்டகையை விட்டு வெளியே வந்தது. இரும்பு விரல்கள் விரிந்திருந்தன. அது நேராக அவனை நோக்கிப் போனது. வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. மற்ற நாளில் வேலைக்குப் போகிற மாதிரியே போனது.

"ஏங்க, ஓடுங்க" என்று கத்திக்கொண்டே வடிவு ஓடினாள். வெட்டிய தட்டைகள் உள்ளங்காலைக் கிழித்தன. சுடலைமணி நிமிர்ந்தான், தாங்கியைப் பார்த்தான். தாங்கி ஆளைக் கண்டால் நிற்கும் என்பது ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அந்த நம்பிக்கையில் அவனும் நின்றான். அது நிற்கவில்லை. அப்போதுதான் அவன் முகம் மாறியது. ஓடலாம் என்றால் ஆஸ்பத்திரியில் கிடந்து கிடந்து கால் இரண்டும் குச்சியாகிவிட்டன. வாயைத் திறந்தான், கைகளை மாற்றி மாற்றித் தட்டினான். கைதட்டலுக்கு இரும்பு என்ன செய்யும்?

விரல்கள் அவன் பாதத்துக்கு அருகே மண்ணில் இறங்கின.

"நில்லு!" என்றாள் வடிவு. அடிவயிற்றிலிருந்து வந்தது அந்தக் குரல்.

தாங்கி நின்றது. மேலப்புஞ்சைத் தாங்கி வடிவின் குரலுக்குக் கட்டுப்பட்டது. சங்கத்தார் ஆரம்பத்திலேயே அப்படிப் பதிந்து கொடுத்திருந்தார்கள். புஞ்சைக்கு ஒரு தாங்கி, தாங்கிக்கு ஒரு குரல். வடிவு புருஷனை இழுத்து வரப்பில் ஏற்றினாள். அவன் செருப்பில் ஒன்று இரும்பு விரல்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டு அங்கேயே கிடந்தது. அதை எடுக்க இருவருக்கும் தைரியம் இல்லை.

சங்கத்துக்குச் சொல்லி, சங்கம் தூத்துக்குடிக்குச் சொல்லி, மதியத்துக்குமேல் டெல்பின் வந்தாள். தாங்கிகளைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர். முப்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த முகம், கழுத்தில் சின்னச் சிலுவை. சுடலைமணியை வீட்டில் படுக்க வைத்துவிட்டு வடிவு மட்டும் புஞ்சையில் காத்திருந்தாள். டெல்பின் மடிக்கணினியைத் தாங்கியோடு இணைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு வரப்பில் கிடந்த கிழிந்த சட்டையைக் கையில் எடுத்தாள்.

"இது யார் சட்டைக்கா?"

"எங்க வீட்டுக்காரரோடது. பொம்மைக்குப் போட்டிருந்தது."

"துவைக்கலையா?"

"துவைச்சதப் போட்டா குருவி பயப்படாதும்மா. இங்கன வழக்கம் அது. விதைப்புக்கு முதப்பிடி விதையை யாரு பெட்டியில போடுதாகளோ, அன்னைக்கு அவுக உடுத்தியிருந்த துணிய அப்படியே எடுத்து வச்சிருந்து பொம்மைக்குப் போடணும். அந்த வேர்வை வாடை இருக்கணும். விதைச்ச கைக்குத்தான் குருவி பயப்படும்பாக."

டெல்பின் சட்டையை மெதுவாகக் கீழே வைத்தாள். ஏதோ தேள் கையில் ஊர்ந்தது போல விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, தாங்கிக்குக் கண்ணு இருக்குதுனு எல்லாரும் நினைச்சிட்டிருக்காங்க. கண்ணு இருக்கு, ஆனா சோளக்காட்டுக்குள்ள கண்ணு வெச்சு என்ன செய்ய? ரெண்டடிக்கு அந்தப் பக்கம் தெரியாது. முன்னாடி ஒரு ஊர்ல பயிருக்குள்ள படுத்திருந்த ஒருத்தர் மேல ஏறிடுச்சு. அதுக்கப்புறந்தான் மோப்பப் பெட்டி வெச்சோம். மனுசங்க வேர்வை வாடை வந்தா ஆள். ஒவ்வொருத்தர் வாடையும் வேற வேற. அதை வெச்சே எத்தனை பேர் நிக்காங்கனு எண்ணிரும்."

"ஆமா, சொல்லும். மூணு ஆள் நிக்கிறாங்க, போகலாமானு கேக்கும்."

"பொம்மைகிட்ட வந்து கேட்டிச்சா?"

வடிவுக்கு அப்போதுதான் தலைக்குள் ஒன்று புரண்டது.

மார்கழியில் களையெடுப்பு நடந்தது. வரிசை வரிசையாகப் போன தாங்கி பொம்மையிடம் வரும்போதெல்லாம் நின்றது. அந்தப் பதிவு செய்த பெண் குரலில், ஒரு ஆள் நிற்கிறார், போகலாமா என்று கேட்டது. வரப்பில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்த வடிவு இருந்த இடத்திலிருந்தே பதில் சொன்னாள். அது ஆள் இல்ல, போ. அடுத்த வரிசையில் மறுபடி நின்றது, மறுபடி சொன்னாள். பக்கத்துப் புஞ்சைக்காரி, "என்ன மதினி, அண்ணன் சட்டையப் பாத்தா ஆள் இல்லங்கீக" என்று கேலி செய்தாள். "ஆமா, என்னைக்கு அவரு ஆளா இருந்தாரு" என்று இவளும் விட்டாள் ஒரு வார்த்தை. எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் தாங்கி கேட்பதை நிறுத்திவிட்டது. படித்துக்கொண்டது என்று வடிவு சந்தோஷப்பட்டாள்.

"நாந்தான் சொன்னேன்" என்றாள். "பொம்மையத்தானம்மா சொன்னேன்."

"அதுக்குப் பொம்மை, மனுசன் தெரியாதுக்கா. வாடை தெரியும். இந்த வாடை ஆள் இல்லைனு நீங்க சொல்லிக் குடுத்திட்டீங்க. அவரு அப்புறம் மதுரைக்குப் போயிட்டாரு, பக்கத்துல வரல. இன்னைக்குத்தான் வந்திருக்காரு. பயிரும் இல்ல, ஆளும் இல்ல, நிக்குது. அப்ப அது தூருதான்."

வெயிலில் நின்றுகொண்டிருந்த வடிவுக்குக் குளிரெடுத்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அழிச்சிரும்மா. அந்தப் பொட்டியில தட்டி இப்பவே அழிச்சிரு."

"என்னால முடியாதுக்கா. வழியில போறவன் எவனாவது வந்து பொய் சொல்லிக் குடுத்திட்டுப் போயிரக் கூடாதுனு, ஆள் இல்லனு சொன்ன குரல்தான் ஆளுன்னும் சொல்லணும்னு கட்டி வெச்சிருக்காங்க. வேற யாரு சொன்னாலும் ஏறாது. நான் சொன்னாலும் ஏறாது."

"சொன்னவுக செத்துப் போயிட்டாகன்னா?"

"மேலிடத்துல சொல்லி, இந்த வட்டாரத்துத் தாங்கி எல்லாத்தையும் நிப்பாட்டி, முதல்ல இருந்து படிக்க வைக்கணும். அறுவடை நேரத்துல நிப்பாட்ட மாட்டாங்க. நான் கேட்டுப் பாத்திருக்கேன்."

"எதுக்குக் கேட்ட? வேற எங்கயும் இப்படி நடந்திருக்கா?"

"பொம்மைக்கு மட்டுந்தான் இதைச் சொல்லுவாங்கனு நினைச்சீங்களா?" டெல்பின் மடிக்கணினியை மூடினாள். "கூலிக்கு வந்தவங்க குறுக்க மறுக்க நடப்பாங்க. ஒவ்வொரு தடவையும் தாங்கி நிக்கும், வேலை பிந்தும். வரப்புல குடை பிடிச்சு நிக்கிறவருக்குப் பொறுமை இருக்காது. அது ஆள் இல்ல, போனு சொல்லிருவாரு. கண்ணு முன்னாடி உசுரோட நடக்கிறவங்களைக் காட்டிச் சொல்லுவாரு. ரெண்டு ஊர்ல அப்படி. திருப்பிச் சொல்லுங்க ஐயானு வீட்டு வாசல்ல போய் நின்னேன். ஒருத்தர்கூட வரல. வேலைக்கு ஆளை மாத்திக்கிடுதோம்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

அவர்களும் சொன்னார்கள், தானும் சொன்னோம் என்று வடிவு நினைத்தாள். அவளுக்கு அதிகம் யோசிக்க நேரமும் இல்லை. பொழுது சாய்வதற்குள் திருத்திவிட வேண்டும் என்றாள் டெல்பின். எந்த நிலையில் தாங்கி சுடலைமணியை ஆள் இல்லை என்று நினைத்ததோ அதே நிலையில் சொன்னால்தான் ஆழமாகப் பதியும். தூர்பிடுங்கி மாட்டியிருக்க வேண்டும், எதிரே அவன் நிற்க வேண்டும்.

சுடலைமணியைக் கூட்டிவர அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மோப்பம், வாடை, படிப்பு என்று எதையும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. உங்களை அதுக்கு அடையாளம் தெரியல, நான் சொன்னாத் தெரிஞ்சுக்கிடும், ஒரு நிமிஷம் வந்து நில்லுங்க என்று மட்டும் சொன்னாள். அவன் இரண்டு தட்டுத் தட்டினான். மறுபடி இரண்டு தட்டு. கடைசியில் அவள் அழுததைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தான்.

மேலப்புஞ்சையில் தாங்கிக்கு எதிரே அவனை நிறுத்திவிட்டு விலகி நின்றாள். டெல்பின் எதையோ தட்டினாள். சக்கரங்கள் உருண்டன. இரும்பு விரல்கள் விரிந்து, சாயங்கால வெளிச்சத்தில் நீளமாக நிழல் விழுந்தது. சுடலைமணியின் கழுத்துத் துணி வேகவேகமாக உப்பி அடங்கியது. வடிவு வாயைத் திறந்தாள். ஒரு கணம் குரல் வரவில்லை. அந்த ஒரு கணத்தை அவளால் பிறகு நினைக்கவே முடியவில்லை.

"அது ஆள்" என்றாள். "அவரு ஆளு. என் வீட்டுக்காரரு."

தாங்கி நின்றது. அந்தப் பெண் குரல் ஒரு உணர்ச்சியும் இல்லாமல் சொன்னது: "ஒரு ஆள் நிற்கிறார். போகலாமா?"

"வேண்டாம். போகாத."

அது திரும்பிக் கொட்டகைக்குப் போய்த் தூர்பிடுங்கியைக் கழற்றித் தொங்கவிட்டது. வடிவு ஓடிப்போய்ப் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். டெல்பினும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

ஜீப்பில் ஏறும்போது டெல்பின் ஒன்று கேட்டாள். "வேற புஞ்சை இருக்காக்கா?"

"கீழப்புஞ்சை இருக்கு. குளத்துக்கு அங்கிட்டு. அங்க வேற தாங்கி. நாளைக்கு அறுப்பு."

"அங்க பொம்மைக்கு இவரு சட்டையப் போட்டிருக்கா?"

வடிவுக்குத் தெரியவில்லை. கீழப்புஞ்சை பொறுப்பு சுடலைமணியுடையது, அந்தத் தாங்கி அவன் குரலுக்குக் கட்டுப்பட்டது. மார்கழியில் பொம்மை நட்டதும் அவன்தான். அவள் அந்தப் பக்கம் போனது புரட்டாசி விதைப்போடு சரி. புருஷனிடம் திரும்பினாள். "ஏங்க, கீழப்புஞ்சைப் பொம்மைக்கு உங்க சட்டையப் போட்டீங்களா?"

சுடலைமணி இரண்டு தட்டுத் தட்டினான். பிறகு, முகத்தில் ஒரு சிரிப்பு வர, சுட்டுவிரலை நீட்டி வடிவைக் காட்டினான். உன்னால்தான் பிழைத்தேன் என்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். டெல்பினும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பாள் போல. கைகாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறியதும் இருவரும் குளத்தங்கரை வழியாகக் கீழப்புஞ்சைக்குப் போனார்கள். வடிவுக்குத் தாங்கி இருக்கிற திசையே பிடிக்கவில்லைதான். அறுத்த சோளத்தை மேய்ச்சல் மாடு வாயில் விட்டுவிட முடியுமா? அதோடு அது நல்ல தாங்கி, இவன் வாடையை யாரும் அதற்குக் கெடுதலாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. சுடலைமணி சலவைச் சட்டை போட்டிருந்தான். வழக்கத்தைவிட உற்சாகமாக நடந்தான். புஞ்சை வந்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்தான். வா, வந்து பார் என்கிற இழுப்பு.

தாங்கி தொலைவில் அறுத்துக்கொண்டிருந்தது. அது இன்னும் நெருங்காத பயிருக்கு நடுவே ஒற்றையடி வழி விட்டுப் பொம்மை நின்றது. அதை நட்டவன் வழியும் விட்டிருந்தான். அவள் கையை விடாமல் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

பொம்மை சேலை கட்டியிருந்தது.

அரக்குக் கலர், மஞ்சள் கரை. வடிவு வீடெல்லாம் தேடிக் கிடைக்காமல் விட்ட சேலை. அந்தப் புரட்டாசியில் தொண்டை வலிக்குச் சோதனை பார்க்க அவன் மதுரைக்குப் போயிருந்தான். மழை காத்திருக்காது என்று கீழப்புஞ்சை விதைப்பை அவளே நின்று முடித்தாள். முதல் பிடி விதையைப் பெட்டியில் போட்டது அவள் கைதான். அன்றைக்கு இந்தச் சேலைதான், உப்புப் பூக்க நனைந்திருந்தது. ரவிக்கைகூட அதேதான்.

தும்பக்குளத்தில் பெண்கள் விதை போடாமல் இல்லை. ஆனால் பொம்மைக்கு மட்டும் வீட்டு ஆம்பிளைச் சட்டைதான் ஏறும், அதை யாரும் பெரிதாக நினைத்ததுமில்லை. இவன் நினைத்திருக்கிறான். விதைத்தது இவள்தான் என்று குருவிக்கும் ஊருக்கும் தெரியட்டும் என்று, அவள் கழற்றிப் போட்டதைத் துவைக்கப் போடாமல் எடுத்து ஒளித்து வைத்திருந்து கட்டியிருக்கிறான். நேற்று விரலை நீட்டியது இதற்குத்தான். சுடலைமணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பிடித்திருக்கிறதா என்று கேட்கிற பார்வை. வடிவுக்கு நெஞ்சு நிறைந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் தனக்குச் செய்த பெரிய மரியாதை இது என்று தோன்றியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

கண்ணைத் துடைக்கக் கையை உயர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க." குரல் அவளுக்கே கேட்கவில்லை. "மார்கழியில களையெடுக்கையில, இந்தத் தாங்கி இது முன்னால வந்து நின்னுச்சா?"

ஒரு தட்டு.

"கேட்டுச்சா?"

ஒரு தட்டு.

"நீங்க என்ன சொன்னீங்க?"

சுடலைமணி வாயசைத்துக் காட்டினான். காற்று மட்டும் கழுத்துத் துணியை உயர்த்தித் தாழ்த்தியது. உதடுகள் அசைந்ததை வைத்தே அவளால் படிக்க முடிந்தது. தன் வாயால் அத்தனை தடவை சொன்ன வார்த்தைகள் அவை.

அது ஆள் இல்ல, போ.

சோளத்தட்டையை வெட்டுகிற சத்தம் அப்போது நின்றது. காற்று மேற்கிலிருந்து, அவர்கள் முதுகுப் பக்கமிருந்து தாங்கி இருக்கிற திசைக்கு வீசிக்கொண்டிருந்தது. தாங்கி தெரியவில்லை, பயிர் மறைத்தது. சக்கரங்கள் திரும்புவது கேட்டது. கொட்டகையை நோக்கிப் போவது கேட்டது. வடிவு புருஷனின் கையை நகம் பதிய இறுக்கிப் பிடித்தாள்.

சங்கிலி உரசியது.

தொம். தொம்.

"நான் ஆளுன்னு சொல்லுங்க" என்றாள். "அதுக்கு உங்க குரல்தான் ஏறும். வேற யாரு சொன்னாலும் ஏறாதாம். சொல்லுங்க. எப்படியாச்சும் சொல்லுங்க."

நேற்று நடந்தது முழுவதும் அந்த ஒரு பேச்சில் சுடலைமணிக்கு விளங்கிவிட்டது. பேயறைந்தவன் போலப் பொம்மையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. துணி படபடவென்று அடித்துக்கொண்டது. துவாரத்தின் வழியே காற்று சீறியது, அவ்வளவுதான். மறுபடி முயன்றான். கண்கள் பிதுங்கின, முகம் கறுத்தது. இருமல் வந்ததே தவிர ஒரு எழுத்து வரவில்லை. ஒரு எழுத்து வந்திருந்தாலும் அது பழைய சுடலைமணியின் குரலாக இருந்திருக்காது.

பயிர் விலகியது. விரிந்த இரும்பு விரல்களோடு தாங்கி வெளியே வந்தது. பொம்மையிடம் ஒரு கணம், வடிவிடம் ஒரு கணம், எது முதலில் என்று பார்ப்பது போல நின்றது. பிறகு வடிவின் பக்கம் திரும்பியது.

"நில்லு" என்று அலறினாள். அது அவள் குரலைக் கேட்காது என்று தெரிந்தேதான் அலறினாள். அது வந்தது.

ஓடலாம். குளத்தங்கரைவரை சோளக்காடு, எங்கே ஓடினாலும் அவள் வேர்வை வாடை கூடவே வரும். பயத்தில் இப்போது உடம்பு முழுவதும் நனைந்திருந்தது. கால்கள் மண்ணோடு ஒட்டிவிட்டன. நேற்று அவன் ஏன் ஓடவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

சுடலைமணி ஓர் எட்டு எடுத்து வைத்து அவளுக்கு முன்னால் வந்தான். இரண்டு கைகளையும் விரித்து, அவளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். குச்சிக் கால்கள் ஆடின, ஆனாலும் நின்றான். அவள் அவன் சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு முதுகில் முகத்தைப் புதைத்தாள். சோப்பு வாசனையும் அதற்கு அடியில் அவன் வாசனையும் வந்தது.

சக்கரங்கள் நின்றன. இரும்பு விரல்கள் விரிந்தபடியே இருந்தன. சோளக்காட்டின் நடுவே அந்தப் பெண் குரல், மரியாதை குறையாமல் கேட்டது.

"ஒரு ஆள் நிற்கிறார். போகலாமா?"